ரங்கூனில் புதிய அடுக்குமாடிகளுக்கு மொட்டைமாடித் தோட்டம் போதாதா, தரையில் பொதுப் பசுமை இடம் எதற்கு?

போதாது. மொட்டைமாடி, சாவி வைத்திருப்பவருக்குத்தான் தோட்டம். முழங்கால் வலியோடு ஆறாம் மாடியில் இருக்கும் பாட்டிக்கும், லிஃப்ட் இல்லாத பக்கத்துக் கட்டிடப் பிள்ளைகளுக்கும் அது இல்லாததற்குச் சமம்.

ரங்கூன் நகர மையம் 1850களில் ஆங்கிலேயர் கட்டம் போட்டு வகுத்தது. மனைகள் ஒடுக்கம், நீளம். காளி கோயில் பக்கம் நம்மவர்கள் இருக்கும் தெருக்களில் ஒவ்வொரு மனையிலும் கொஞ்சம் இடம் விடச் சொன்னால், வெயில் படாத ஒரு முழச் சந்துதான் மிஞ்சும். நாலைந்து மனைகளைச் சேர்த்துக் கட்டும்போது அந்தத் துண்டுகளை ஒரே முற்றமாக்க வேண்டும். கட்டிட விதி கேட்க வேண்டியது இதைத்தான்.

அப்புறம் மண். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. முற்றத்துக்கு அடியில் கார் நிறுத்தம் கட்டிவிட்டு, மேலே அரையடி மண் கொட்டினால் புல்தான் வளரும். நிழல் தரும் மரத்துக்குக் குறைந்தது மூன்று, நான்கு அடி ஆழம் வேண்டும். முடிந்தால் ஒரு பகுதியை அடியில் கான்கிரீட் இல்லாமல் அப்படியே விடுங்கள். மே முதல் அக்டோபர் வரை கொட்டும் மழையில் கொஞ்சமாவது அங்கே இறங்கும்.

பழைய தெருக்களுக்குப் பின்சந்துகள் இருக்கின்றன. மேலிருந்து வீசிய குப்பையும் சாக்கடையுமாகக் கிடந்த சிலவற்றைச் சுத்தம் செய்து, செடி வைத்து, பிள்ளைகள் விளையாடும் இடமாக மாற்றியிருக்கிறார்கள். ஆனால் யார் தண்ணீர் ஊற்றுவது, யார் கூட்டுவது, மாதப் பணம் எவ்வளவு என்பதை முதல் செடி நடுவதற்கு முன்பே குடியிருப்போர் பேசி எழுதிக்கொள்ள வேண்டும்.