கிளம்பிய கப்பல் திரும்பி வந்தது, கட்டிய பணம் திரும்பி வருமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் வசிக்கிறோம். அப்பாவின் அறுபதாம் கல்யாணத்தை ஒட்டி, குடும்பத்தில் ஐந்து பேருக்குச் சென்னைத் துறைமுகத்திலிருந்து மூன்று இரவு சொகுசுக் கப்பல் பயணம் பதிவு செய்தேன். டிராவல் ஏஜென்ட் மூலம் 2,10,000 ரூபாய் கட்டினேன். மாலையில் கிளம்பிய கப்பல் இரண்டு மணி நேரத்தில் திரும்பிவிட்டது. முதலில் ஒரு பயணிக்கு உடல்நிலை சரியில்லை என்று மைக்கில் சொன்னார்கள். நள்ளிரவில் "தொழில்நுட்பக் காரணம்" என்றார்கள். இரவெல்லாம் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்று, காலையில் இறக்கிவிட்டார்கள். பணம் திரும்பத் தர முடியாது, ஓராண்டுக்குள் வேறு பயணத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று இப்போது மெயில் வந்திருக்கிறது. பத்து நாளுக்குள் "ஏற்கிறேன்" பட்டனை அழுத்த வேண்டுமாம். புகார் இருந்தால் 30 நாளுக்குள், அதுவும் மும்பை நீதிமன்றத்தில்தான் என்று டிக்கெட் விதிமுறையில் போட்டிருக்கிறார்கள். அப்பா ஹார்பரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "மெஷின் கோளாறு கிளம்புறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும்" என்கிறார். வழக்குப் போட முடியுமா? தம்பி இதையெல்லாம் வீடியோவாகப் போடப் போகிறேன் என்கிறான், போடலாமா?

பதில்: முதலில் அந்தப் பட்டன். அழுத்தாதீர்கள். மெயிலுக்கு மெயிலாகவே பதில் அனுப்புங்கள்: "கிரெடிட்டை ஏற்கவில்லை, கட்டிய தொகையைத் திருப்பித் தரவும், கப்பல் திரும்பியதற்கான காரணத்தை எழுத்தில் தெரிவிக்கவும்." இது போதும். பட்டனை அழுத்தினால், "முழுத் தீர்வாக ஒப்புக்கொண்டார்" என்று அவர்கள் வக்கீல் முதல் வாய்தாவிலேயே நீட்டும் காகிதம் அதுவாகத்தான் இருக்கும்.

அடுத்தது, கப்பலைத் திருப்பிய கேப்டன் மீது உங்களுக்கு இருக்கும் கோபம். அதைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். உயிர்ப் பாதுகாப்புக்காகக் கேப்டன் எடுக்கும் முடிவில் முதலாளி உட்பட யாரும் குறுக்கே நிற்கக் கூடாது என்பது, 1974-இன் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கையில் வெளிப்படையாக எழுதப்பட்ட விதி. கப்பல்காரர்கள் இதைச் சோலாஸ் என்பார்கள். உங்கள் அப்பாவுக்கு இந்தப் பெயர் பழக்கமாக இருக்கும். ஆகவே "ஏன் திருப்பினாய்" என்று கேட்டுப் போடும் வழக்கு நிற்காது. "எதனால் திருப்ப வேண்டி வந்தது, அது உனக்கு எப்போது தெரியும், என் பணத்தை எந்த உரிமையில் வைத்திருக்கிறாய்" என்ற கேள்விகளுக்கு நிறுவனம் பதில் சொல்லியே ஆக வேண்டும். உங்கள் வழக்கு முழுவதும் இதில்தான் இருக்கிறது.

கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே கப்பல் திரும்புவதற்குக் காரணங்கள் பல. ஒரு பயணிக்கு நெஞ்சுவலி அல்லது பக்கவாதம் வந்தால், கப்பலில் இருக்கும் மருத்துவர் முதலுதவி செய்து தாங்கிப் பிடிக்கலாம். அடைப்பை எடுக்கக் கரைக்குத்தான் வர வேண்டும். நம் ஊரில் ஹார்பர் வாசலிலிருந்து ஸ்டான்லி ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம். இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கும்போது திரும்பிவிடுவதுதான் புத்திசாலித்தனம். யாராவது கடலில் விழுந்துவிட்டார் என்ற சந்தேகம், வெடிகுண்டு மிரட்டல், அருகில் வேறொரு கலம் ஆபத்தில் இருப்பதாக வரும் அழைப்பு, இவையும் உண்டு. கடைசியாகச் சொன்னதில் உதவிக்குப் போவது கேப்டனின் சட்டக் கடமை. காசிமேட்டுப் படகு ஒன்று சிக்கலில் இருந்து, உதவச் சொல்லிக் கடலோரக் காவல் படை கேட்டால், கேப்டன் ஐந்து நட்சத்திர விருந்தையும் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

இயந்திரக் கோளாறு வேறு வகை. கரையில் கட்டி நிற்கும்போது பெரிய இயந்திரங்கள் முழுச் சுமையில் ஓடுவதில்லை. அலைதாங்கிச் சுவரைத் தாண்டி, கப்பலை வழிகாட்டி வெளியே கொண்டுவரும் துறைமுக பைலட் இறங்கிப் போன பிறகு, வேகம் கூட்டும்போதுதான் அவை முழு வேலைக்கு வருகின்றன. கரையில் வெளியே தெரியாத கோளாறு முதல் சில மணி நேரத்தில் தலைகாட்டுவது இதனால்தான். அந்த நேரத்தில் கேப்டன் தயங்காமல் திரும்புவது நல்லது. 2019 மார்ச்சில் நார்வே கடற்கரையோரம் வைக்கிங் ஸ்கை என்ற சொகுசுக் கப்பல் புயல் கடலில் இயந்திர சக்தி முழுவதையும் இழந்தது. மசகு எண்ணெய் அளவு குறைவாக இருந்ததும், கப்பல் ஆடிய ஆட்டமும் சேர்ந்து இயந்திரங்களை நிறுத்திவிட்டன. 1,300-க்கும் மேற்பட்டோருடன் பாறைகளை நோக்கி நகர்ந்தது அந்தக் கப்பல். நூற்றுக்கணக்கானவர்களை ஹெலிகாப்டரில் தூக்க வேண்டியிருந்தது. வங்காள விரிகுடாவின் நடுவில் அப்படி நிற்பதைவிட, நங்கூரம் போட்டுப் புலம்பிக்கொண்டு ஓர் இரவைக் கழிப்பது மேல்.

இரவெல்லாம் வெளியே நிறுத்தியதையும் தனிக் குற்றமாக எழுத வேண்டாம். திரும்பிய கப்பல் நினைத்த நேரத்தில் உள்ளே வந்துவிட முடியாது. கப்பலைக் கட்டி நிறுத்தும் இடமான பெர்த் காலியாக வேண்டும், பைலட் ஏற வேண்டும், இழுவைப் படகுகள் வர வேண்டும். ராயபுரம் கடற்கரையில் நின்று பார்த்தாலே வரிசையில் காத்திருக்கும் கப்பல்கள் தெரியும். ஆனால் காத்திருந்த நேரத்தில் உங்களிடம் என்ன சொன்னார்கள், சாப்பாடும் குடிநீரும் வந்ததா, வயதானவர்களைக் கவனித்தார்களா என்பது கணக்கில் வரும்.

சரி, பணத்துக்கு வருவோம். இதில் இரண்டு கோரிக்கைகள் இருக்கின்றன. இரண்டையும் குழப்பினால் தோற்போம்.

ஒன்று, கட்டிய கட்டணம். இதற்கு நிறுவனத்தின் தவறை நிரூபிக்க வேண்டிய அவசியமே இல்லை என்பது என் வாதம். மூன்று இரவுப் பயணம் தருவதாக வாங்கிய பணம். பயணம் நடக்கவில்லை. யார் மீதும் தவறில்லாமல் ஒப்பந்தத்தை நிறைவேற்ற முடியாமல் போனாலும், பெற்ற பலனைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 65-ஆம் பிரிவு. "எதிர்பாராத காரணத்தால் ரத்தானால் பணம் கிடையாது" என்ற விதியை அவர்கள் காட்டுவார்கள். அந்த விதி நஷ்ட ஈட்டிலிருந்து அவர்களைக் காப்பாற்றலாம். கொடுக்காத சேவையின் விலையையே வைத்துக்கொள்ள விடாது. ஒரு தரப்பு மட்டும் எழுதி, மற்றவர் கையெழுத்துப் போடுவதைத் தவிர வழியில்லாத ஒருதலைப்பட்சமான விதிகள் முறையற்ற வணிக நடைமுறை என்று 2019-இல் பயனியர் அர்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது வீடு வாங்கிய வழக்கு. ஆனால் நுகர்வோர் ஆணையங்களில் மற்ற சேவைகளுக்கும் அதைச் சுட்டிக்காட்டி வாதாடலாம்.

கிரெடிட் விஷயத்தில் விமானப் பயணிகளின் அனுபவம் உதவும். கொரோனா ஊரடங்கில் ரத்தான விமான டிக்கெட்டுகள் பற்றி 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு, பணத்தைத் திருப்பித் தருவதை அடிப்படையாக வைத்தது. கிரெடிட் என்பதை நிதி நெருக்கடியில் இருக்கும் விமான நிறுவனங்களுக்கு மட்டுமான மாற்று வழியாக நிறுத்தியது, பயன்படுத்தாத கிரெடிட்டைப் பிறகு பணமாகத் திருப்பித் தரச் சொன்னது. கப்பலுக்கு அது நேரடியாகப் பொருந்தாது. நியாயம் எந்தப் பக்கம் என்று காட்ட உதவும். சொகுசுக் கப்பல் நிறுவனங்களின் உலகச் சங்கமே (CLIA) 2013-இல் வெளியிட்ட பயணிகள் உரிமைப் பட்டியலில், இயந்திரக் கோளாறால் பயணம் ரத்தானால் முழுத் தொகையும், பாதியில் முடிந்தால் ஒரு பகுதியும் திருப்பித் தரப்படும் என்று வாக்குக் கொடுத்திருக்கிறது. உங்கள் நிறுவனம் அந்தச் சங்கத்தில் உறுப்பினரா என்று பார்த்துவிடுங்கள். உறுப்பினராக இருந்தால் அந்தக் காகிதம் பொன். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஓர் இரவு கப்பலில் தங்கிச் சாப்பிட்டதற்காக ஆணையம் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். அதற்கு மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, நஷ்ட ஈடு. மன உளைச்சலுக்கும், வீணான விசேஷத்துக்கும், வெளியூரிலிருந்து வந்த உறவினரின் ரயில் செலவுக்கும் கேட்பது. இதற்கு அவர்கள் தவறு தேவை. பயணியின் நெஞ்சுவலிதான் காரணம் என்றால் ஒரு பைசாவும் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. ஆனால் அந்தப் பயணியை இறக்கிவிட்டுக் கப்பல் ஏன் மீண்டும் கிளம்பவில்லை? முதல் அறிவிப்புக்கும் நள்ளிரவு அறிவிப்புக்கும் இடையில் என்ன நடந்தது? காரணம் மாறியதுதான் உங்கள் கையில் இருக்கும் பலமான ஆயுதம். கோளாறு முந்தைய பயணத்திலேயே இருந்து, தெரிந்தே கிளப்பினார்கள் என்றால் அது சேவைக் குறைபாடு. வானிலைக் காரணம் சொன்னாலும் இதே கேள்வி வரும். புயல் எச்சரிக்கை கிளம்பும் முன்பே வந்திருந்ததா என்பதை வானிலை மையத்தின் பழைய அறிக்கைகளில் பார்த்துவிடலாம்.

அப்பாவின் அனுபவத்தை மதிக்கிறேன். ஹார்பரில் முப்பது வருஷம் நின்றவர் கப்பலின் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். ஆனால் ஆணையத்தில் அது சாட்சியம் ஆகாது, சந்தேகம் மட்டுமே. சந்தேகத்தைக் காகிதமாக்கத் துறைமுகத்தையே பயன்படுத்துங்கள். சென்னைத் துறைமுக ஆணையம் மத்திய அரசின் கீழ் வரும் அமைப்பு. பத்து ரூபாய் கட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். கப்பலின் பெயர், தேதியைக் குறிப்பிட்டு, பைலட் இறங்கிய நேரம், திரும்ப ஏறிய நேரம், மீண்டும் உள்ளே வர அனுமதி கேட்டபோது கப்பல் தெரிவித்த காரணம், இவற்றை மட்டும் கேளுங்கள். "எல்லா ஆவணங்களும் வேண்டும்" என்று கேட்டால் வணிக ரகசியம் என்று மூடிவிடுவார்கள். இதேபோல் ராஜாஜி சாலை ஆங்கர்கேட் கட்டடத்தில் இருக்கும், கப்பல்களை ஆய்வு செய்யும் மத்திய அரசு அலுவலகமான மெர்க்கன்டைல் மெரைன் டிபார்ட்மென்டுக்கும் ஒரு மனுப் போடுங்கள். அந்தத் தேதியையொட்டிக் கப்பலில் ஆய்வு நடந்ததா, கோளாறைச் சரிசெய்த பிறகே கிளம்ப வேண்டும் என்று உத்தரவு இருந்ததா என்று கேளுங்கள்.

பயணிகள் கப்பல்கள் எல்லாவற்றிலும் இருக்கும் இடம் காட்டும் கருவியின் தகவல் இணையத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்த மாலையில் கப்பலின் வேகம் எப்போது குறைந்தது, எப்போது திரும்பியது என்று உங்கள் தம்பியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், பழைய பதிவுகள் இலவசமாக ரொம்ப நாள் கிடைக்காது. மைக் அறிவிப்பை யாராவது போனில் பதிவு செய்திருந்தால் அந்தப் போனை மாற்றவோ அழிக்கவோ வேண்டாம். இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழோடு தாக்கல் செய்யலாம். கப்பலின் லாக் புத்தகத்தையும், விமானத்தின் கறுப்புப் பெட்டி போன்ற பயணத் தரவுப் பதிவையும் பாதுகாத்து வைக்கும்படி நிறுவனத்துக்கு அனுப்பும் நோட்டீஸில் எழுதுங்கள். புதிய வகைக் கருவிகளிலேயே அந்தத் தரவுப் பதிவு 30 நாள் நிற்பதுதான் குறைந்தபட்ச விதி. பழைய கருவி என்றால் சில மணி நேரம்தான். லாக் புத்தகத்தை வழக்கில் கேட்டால், கொண்டுவரச் சொல்ல ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

மும்பைக்கு ஓட வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே புகார் தர அனுமதிக்கிறது. தண்டையார்பேட்டை என்பதால் சென்னை வடக்கு மாவட்ட ஆணையம். செலுத்திய தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையத்துக்கு வரும், 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. 30 நாள் கெடுவும் செல்லாது: குறிப்பிட்ட காலம் முடிந்தால் உரிமையே போய்விடும் என்ற விதி, 1997 திருத்தத்துக்குப் பிறகு ஒப்பந்தச் சட்டத்தின் 28-ஆம் பிரிவுப்படி வெற்றுக் காகிதம். உங்களுக்கு இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. இருந்தாலும், வீணாக ஒரு வாதத்துக்கு இடம் கொடுக்காமல், மெயிலையும் நோட்டீஸையும் அந்த 30 நாளுக்குள் அனுப்பிவிடுங்கள். தகராறை நடுவர் மன்றத்தில்தான் தீர்க்க வேண்டும் என்று விதிமுறையில் இருந்தாலும் கவலை வேண்டாம், அதையும் மீறி நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது.

நோட்டீஸ் கட்டாயமில்லை, ஆனால் ஸ்பீட் போஸ்ட்டில் ஒன்று அனுப்புங்கள். கப்பல் நிறுவனம், ஏஜென்ட் இருவருக்கும். "நான் வெறும் இடைத்தரகர்" என்பார் ஏஜென்ட். பில் யார் பெயரில் இருக்கிறது, பணம் யார் கணக்குக்குப் போனது என்று பாருங்கள். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தால், பல சமயம் நிறுவனம் அங்கேயே இறங்கி வந்துவிடும். இல்லையென்றால் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே புகார் தாக்கல் செய்யலாம், வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றில்லை. (இதை எழுதுபவர் வக்கீல்தான், தெரியும்.) கோரிக்கையில் கட்டணம், வட்டி, நியாயமான ஒரு நஷ்ட ஈடு கேளுங்கள். பத்து லட்சம் கேட்டால் பெரிதாகக் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மிகையான தொகை, நியாயமான கோரிக்கையையும் சந்தேகப்பட வைக்கும். பயணக் காப்பீடு எடுத்திருந்தால் அந்தப் பாலிசியையும் இன்றே எடுத்துப் படியுங்கள், அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டிய கெடு குறைவாக இருக்கும்.

தம்பியின் வீடியோ. போடலாம். எத்தனை மணிக்குக் கிளம்பினோம், எத்தனை மணிக்கு என்ன அறிவித்தார்கள், எப்போது இறக்கினார்கள், மெயிலில் என்ன எழுதியிருக்கிறார்கள், இதை அப்படியே சொல்லட்டும். நடந்ததைச் சொல்வதற்கு அவதூறு வழக்கைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. "பழுதான கப்பல் என்று தெரிந்தே ஏற்றினார்கள்" என்ற வரியை மட்டும், துறைமுகத்தின் பதில் கைக்கு வரும்வரை பேச வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.