ஏடிவி அளவீட்டில் இரைச்சலை எப்படிக் குறைப்பது?

ஆய்வகக் கால்வாயில் ஏடிவி, அதாவது தண்ணீரில் மிதக்கும் துகள்களில் பட்டுத் திரும்பும் ஒலியைக் கொண்டு நீரின் வேகத்தை அளக்கும் ஒலி டாப்ளர் வேகமானி, வைத்து அளந்தால் கொந்தளிப்பு ஆற்றல் நம்ப முடியாத அளவுக்கு அதிகமாக வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் தண்ணீரைப் பாருங்கள். ஒலியைத் திருப்பி அனுப்பத் துகள் வேண்டும்; தெளிந்த குழாய்த் தண்ணீரில் அது போதாது. 10 மைக்ரான் அளவுள்ள உள்ளீடற்ற கண்ணாடி மணிகளைக் கலந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். கருவியில் அமைக்கும் வேக வரம்பையும் உங்கள் உச்ச வேகத்துக்குச் சற்று மேலே மட்டும் வையுங்கள். வரம்பு கூடினால் இரைச்சலும் கூடும்.

அப்புறம் வேகத்தின் நிறமாலையை, அதாவது ஏற்ற இறக்கத்தின் ஆற்றல் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு என்று காட்டும் வரைபடத்தை, மடக்கை அச்சுகளில் வரையுங்கள். கொந்தளிப்புக்கே உரிய -5/3 சரிவில் இறங்கும் கோடு உயர் அதிர்வெண்ணில் தட்டையாகிறதா? அந்தத் தட்டைதான் டாப்ளர் இரைச்சல். அது சராசரி வேகத்தைக் கெடுக்காது, மாறுபாட்டை (வேகம் சராசரியிலிருந்து விலகும் அளவின் வர்க்கச் சராசரி; கொந்தளிப்பு ஆற்றல் இதிலிருந்துதான் வருகிறது) மட்டும் ஊதிப் பெரிதாக்கும். அந்தத் தட்டை மட்டத்தை மொத்த அதிர்வெண் அகலத்தால் பெருக்கி, மாறுபாட்டிலிருந்து கழித்துவிடலாம்.

பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. கோரிங், நிகோரா என்ற ஆய்வாளர்கள் 2002இல் தந்த முறை திடீர் முட்களை, அதாவது தரவில் தனித்துத் துள்ளும் தவறான மதிப்புகளைத்தான் நீக்கும். இந்தச் சீரான இரைச்சல் அப்படியே இருக்கும்.

உங்கள் கருவியில் திரும்பும் ஒலியை வாங்கும் ஏற்பிகள் நான்கு இருந்தால் நல்லது. செங்குத்து வேகம் இரண்டு முறை தனித்தனியாகக் கிடைக்கும். இரண்டின் இரைச்சலுக்கும் தொடர்பில்லை என்பதால், அவற்றின் உடன்மாறுபாட்டை (இரண்டும் சேர்ந்து மாறும் அளவை) எடுத்தால் செங்குத்து மாறுபாடு கிட்டத்தட்ட இரைச்சலின்றி வந்துவிடும்.