ரத்த அழுத்தம் பட்டாளத்தில் வந்ததா, வீட்டில் வந்ததா?

கேள்வி: 1996-ல் ராணுவத்தில் சேர்ந்து 2018-ல் ஹவில்தாராக ஓய்வு பெற்றேன். கடைசி மெடிக்கல் போர்டில் ரத்த அழுத்தம், 30 சதவீத ஊனம், ஆயுளுக்கும் என்று எழுதினார்கள். ஆனால் ‘பணியால் வந்ததும் இல்லை, பணியால் கூடியதும் இல்லை’ என்று டிஸெபிலிட்டி பென்ஷனை மறுத்துவிட்டார்கள். 6 மாதத்துக்குள் மேல்முறையீடு செய்திருக்க வேண்டுமாம். வீடு கட்டும் அலைச்சலில் விட்டுவிட்டேன். இனி வழி உண்டா?
— ஒரு வாசகர், வேலூர் மாவட்டம்

பதில்: உண்டு. ஆனால் ‘எனக்கு எவ்வளவு கஷ்டம் தெரியுமா’ என்று நாலு பக்கம் எழுதாதீர்கள், எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். உங்களுக்கு நோய் இருப்பதை போர்டே ஒப்புக்கொண்டுவிட்டது. சண்டை அந்த ஒற்றை வரியோடுதான்.

முதலில் உங்கள் பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸுக்கு ஆர்டிஐ போட்டு, சேரும்போது எடுத்த மெடிக்கல், வெளியே வந்தபோது நடந்த போர்டு நடவடிக்கை, இரண்டின் நகலையும் வாங்குங்கள். சேரும்போது எந்த நோயும் குறிக்கப்படவில்லை என்றால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. வலிப்பு நோயோடு வெளியே அனுப்பப்பட்ட தரம்வீர் சிங் என்ற வீரரின் வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: சேரும்போது குறிப்பு இல்லாவிட்டால் அவர் ஆரோக்கியமாகவே வந்தார் என்று கொள்ள வேண்டும், பிறகு வந்த நோய்க்கும் பணிக்கும் சம்பந்தமில்லை என்றால் அதை நிரூபிக்க வேண்டியது அரசு, வீரர் அல்ல, போர்டும் காரணம் எழுத வேண்டும். பல போர்டுகளில் ‘பீஸ் ஸ்டேஷனில் ஆரம்பித்தது’ என்பதுதான் காரணம். பீஸ் ஸ்டேஷன் என்றால் என்னவோ மாமியார் வீடு மாதிரி! எல்லையில் வந்ததா, அமைதியான இடத்தில் வந்ததா என்பது பொருட்டல்ல என்று ராணுவ மருத்துவ விதிகளே (1983, பத்தி 423) சொல்கின்றன, அதையும் மனுவில் குறிப்பிடுங்கள்.

தாமதத்துக்கு வருவோம். காரணத்தை ஒளிக்காமல் எழுதி, தாமதத்தை மன்னிக்கக் கேட்டு, ரெக்கார்ட் ஆபீஸ் வழியாக முதல் மேல்முறையீட்டைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தள்ளுபடி செய்தாலோ, 6 மாதம் பதிலே வராவிட்டாலோ ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போகலாம். தர்சேம் சிங் என்பவர் 1983-ல் வெளியே வந்து 16 வருடம் கழித்துத்தான் வழக்குப் போட்டார். பென்ஷன் மறுப்பு மாதாமாதம் தொடரும் தவறு என்பதால் 2008-ல் உச்ச நீதிமன்றம் அவரைத் திருப்பி அனுப்பவில்லை, ஆனால் நிலுவையை வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய 3 வருடத்துக்கு மட்டும் சுருக்கிவிட்டது. அதாவது நீங்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மாதமும் பின்னால் ஒரு மாதப் பணம் உதிர்கிறது.

அப்புறம், இதைப் பலர் கேட்கவே மறந்துவிடுகிறார்கள்: உச்ச நீதிமன்றத்தின் 2014 ராம் அவதார் தீர்ப்பின்படி உங்கள் 30 சதவீதம் 50 ஆக உயர்த்திக் கணக்கிடப்பட வேண்டும். முழு ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம், அதில் ஊனத்தின் அளவுக்கு ஏற்ற பங்கு என்பது மாதக் கணக்கு. சம்பளம் 40,000 என்று வைத்துக்கொண்டால் 3,600 ரூபாய்க்குப் பதில் 6,000. மனுவிலேயே தனியாகக் கேளுங்கள்.

டிஸெபிலிட்டி பென்ஷனுக்கு 2023 செப்டம்பரில் வந்த புது விதிகளைக் காட்டி யாராவது பயமுறுத்தினால், அவை அதற்குப் பின் வெளியே வருபவர்களுக்கு, நீங்கள் 2018-ல் வெளியே வந்தவர் என்று சொல்லுங்கள். போர்டு நகலில் நோய்க்குக் காரணமாகப் பீடி, எடை என்று ஏதாவது எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள், இருந்தால் வக்கீலிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.