காற்றாலையின் காலடி மண்: வாசகர் கேள்விகளுக்கு ஒரு மண்ணியல் பொறியாளரின் பதில்கள்

சிங்கப்பூரில் காற்றாலைகள் இல்லாததற்கு நம் கடல் களிமண்தான் காரணமா? – பிடோக் வாசகர்

இல்லை, காற்றுதான் போதவில்லை. இங்கே சராசரிக் காற்று வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 2 மீட்டர். வணிகக் காற்றாலைகளுக்கு 4.5 மீட்டருக்கு மேல் தேவை. களிமண் இருக்கும் இடங்களில் பைல் எனப்படும் நீண்ட தூண்களை ஆழத்தில் உள்ள கெட்டி மண்வரை இறக்கி அடுக்குமாடிகளையே எழுப்பியிருக்கிறோம்.

கயத்தாறு பக்கம் எங்கள் பூர்வீக நிலத்தில் நான்கு காற்றாலைகள் வரப்போகின்றன. "எல்லாம் ஒரே கரிசல்தான், மண் சோதனைக்கு ஓர் இடத்தில் துளையிட்டால் போதும்" என்கிறார் ஒப்பந்தக்காரர். ஊரில் இருக்கும் அண்ணன் உங்களிடம் கேட்கச் சொன்னார். – ஈசூன் வாசகி

போதவே போதாது. கோபுரம் ஒவ்வொன்றுக்கும், அது நிற்கப்போகும் இடத்திலேயே துளையிட வேண்டும். அண்ணனை உறுதியாக நிற்கச் சொல்லுங்கள்.

வீட்டின் பாரம் பெரும்பாலும் நேராகக் கீழே இறங்கும். காற்றாலையையோ காற்று உச்சியில் பிடித்துத் தள்ளுகிறது. அடித்தளத்தின் ஒரு விளிம்பு மண்ணை அழுத்த, எதிர் விளிம்பு எழப் பார்க்கும். அதனால்தான் 20 மீட்டர் அகலத்துக்கு வட்டமாகவோ எண்கோணமாகவோ கான்கிரீட் போடுகிறார்கள். அந்த அகலத்துக்குள் ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் களிமண்ணும் இருந்தால் கோபுரம் சாயும். மீட்டருக்கு 3 மில்லிமீட்டர் என்பது பரவலாகக் கடைப்பிடிக்கப்படும் சாய்வு வரம்பு. 100 மீட்டர் உயரத்தில் அது 30 சென்டிமீட்டர் விலகல்.

காலாங் ஆற்றோரம் ஒரு வேலைத்தளத்தில் நானே பார்த்தேன். மண் சோதனையில் 63.5 கிலோ சுத்தியல் 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழும். குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுவோம். முதல் துளையில் ஒன்பது மீட்டரில் கெட்டி மண் வந்துவிட்டது. பதினைந்து மீட்டர் தள்ளி அடுத்த துளையில் அடிக்கவே வேண்டியிருக்கவில்லை. சுத்தியலின் பாரத்துக்கே குழாய் இறங்கியது. குழாயைப் பிளந்து பார்த்தால் நீலச் சாம்பல் நிறக் களிமண், நடுவே சிப்பித் துண்டுகள். கட்டைவிரல் வெண்ணெயில் புதைவதுபோல் புதைந்தது. கடல்மட்டம் தாழ்ந்திருந்த காலத்தில் ஆறு அரித்த பள்ளத்தைப் பிறகு கடல் களிமண் நிரப்பியிருக்கிறது. மேலே நின்று பார்த்தவர் எவருக்கும் அது தெரிந்திருக்காது.

கரிசலில் இன்னொரு தொல்லை: மழையில் உப்பிப் பெருகும், கோடையில் வெடிக்கும். அந்த அடுக்கைத் தாண்டியே அடித்தளம் உட்கார வேண்டும். நிலத்தடி நீர் மழைக்காலத்தில் எதுவரை ஏறுகிறது என்பதையும் கேளுங்கள். நீர் அடித்தளத்தை மேலே தூக்கும். பிடித்து நிறுத்தும் பாரம் அந்த அளவுக்குக் குறையும்.

வேலை முடிந்தபின் அடித்தளத்தின் மேல் மூடிய மண்ணை வரப்புக்கு எடுத்துக்கொள்ளலாமா? – அதே வாசகி

ஒரு கூடைகூட எடுக்காதீர்கள். கோபுரம் கவிழாமல் பிடிக்கும் பாரத்தில் அந்த மண்ணையும் கணக்கில் சேர்த்திருப்பார்கள்.

கிரேன் நிற்கும் இடத்துக்கும் மண் சோதனை வேண்டுமா? – உட்லண்ட்ஸ் வாசகர்

கட்டாயம் வேண்டும். பாரம் தூக்கும்போது கிரேனின் முழு அழுத்தமும் ஒரு பக்கச் சங்கிலித் தடத்தின்மேல் குவியலாம். சரளை பரப்பி இறுக்கிய தளமும், அதற்கு ஒரு பொறியாளர் கையெழுத்திட்ட கணக்கும் இல்லாத இடத்தில் கிரேனை ஏற்ற விடாதீர்கள். அதன் நிழலில் ஆட்கள் வேலை செய்கிறார்கள்.