தாத்தாவின் வால்வு ரேடியோ: கரண்ட் கொடுக்கும் முன் செய்ய வேண்டியவை

காரைக்குடி பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய தாத்தா 1937-இல் மலேயாவிலிருந்து கொண்டுவந்த மர ரேடியோ பரணில் கிடந்திருக்கிறது, இப்போது இறக்கித் துடைத்து வைத்திருக்கிறார்கள். உள்ளே ஐந்து வால்வுகள் (டிரான்சிஸ்டருக்கு முன் அந்த வேலையைச் செய்த கண்ணாடிக் குழாய்கள்): 6ஏ7, 78, 75, 42, 80. பின்பக்கத் தாளில் 115 வோல்ட் என்று அச்சாகியிருக்கிறது. ஊர் எலக்ட்ரீசியன் "வால்வெல்லாம் போயிருக்கும், எதற்கும் ஒரு தடவை கரண்ட் கொடுத்துப் பார்ப்போம்" என்கிறாராம். கொடுக்கலாமா, வால்வு எங்கே கிடைக்கும், பெட்டிக்குப் புதுப் பாலிஷ் போடலாமா, எஃப்.எம். வருமா? இவைதான் கேள்விகள்.

கொடுக்காதீர்கள். 115 வோல்ட் செட்டை நம் வீட்டு 230-இல் செருகினால் டிரான்ஸ்பார்மரே கருகிவிடும், அது போனால் மற்றதைச் சரிசெய்து பெரிய பயனில்லை. வோல்டேஜ் சரியாகவே இருந்தாலும் இத்தனை வருடம் சும்மா கிடந்த செட்டை நேரே ஓட விடக்கூடாது. பழைய செட்டுகள் பரணில் கிடந்து சாவதைவிட, ஆசையாக இறக்கிய அன்றே ஒரு தடவை பிளக்கில் செருகியதால் செத்தவைதான் நான் பார்த்ததில் அதிகம்.

நீங்கள் எழுதிய வால்வு வரிசையே இது என்ன செட் என்று சொல்லிவிடுகிறது. 1930-களின் நடுவில் அமெரிக்கக் கம்பெனிகள் பலவும் செய்த ஐந்து வால்வு சூப்பர்ஹெட், அதாவது எந்த நிலையத்தின் அலையையும் முதலில் ஒரே நிலையான அலைவரிசைக்கு மாற்றிக்கொள்ளும் செட். எட்டு முள்ளும் நடுவில் ஒரு சாவியும் உள்ள ஆக்டல் வால்வு 1935-இல்தான் வந்தது. உங்களுடையவை எல்லாம் அதற்கு முந்தைய நான்கு, ஆறு, ஏழு முள் வகை, ஆகவே தாத்தா சொன்ன 1937 பொருந்துகிறது. சென்னை வானொலி நிலையம் தொடங்கியது 1938 ஜூன் 16. அதாவது அந்த நிலையம் பிறக்கும் முன்பே இந்தப் பெட்டி உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. பழைய ரேடியோ லைசென்ஸ் புத்தகம் எங்காவது கிடைத்தால் அதையும் செட்டோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.

வால்வு போயிருக்கும் என்பதை நான் ஏற்கமாட்டேன். உடையாமல், உள்ளே காற்றுப் புகாமல் இருந்தால் பெரும்பாலான வால்வுகள் இன்றும் வேலை செய்யும். கண்ணாடியின் உட்புறம் வெள்ளி பூசினாற்போல் ஒரு பகுதி மினுங்கும், அது பால்போல் வெளுத்திருந்தால் மட்டும் அந்த வால்வு முடிந்தது. 6ஏ7, 78, 75 மூன்றுக்கும் உச்சந்தலையில் ஒரு தொப்பி இருக்கும், அதில் மாட்டியிருக்கும் ஒயர் கிளிப்பைப் பிடுங்கி இழுக்காமல் மெதுவாகத் திருகித் திருகி எடுங்கள், இழுத்தால் பசை காய்ந்த தொப்பியே கையோடு வந்துவிடும். எந்த வால்வு எந்த இடம் என்று படம் எடுத்துக்கொண்டு, கழற்றி, துணியில் சுற்றி வையுங்கள். வால்வின்மேல் அச்சிட்டிருக்கும் எண்களைத் தேய்த்துத் துடைக்காதீர்கள், அழிந்துவிடும்.

உண்மையான குற்றவாளி, வால்வுகள் நிற்கும் உலோகத் தட்டான சேஸிஸுக்கு அடியில் இருக்கிறது. கவிழ்த்துப் பார்த்தால் மெழுகு பூசிய அட்டைக் குழாய்கள் பத்துப் பன்னிரண்டு தெரியும், அவைதான் ஏ.சி.யை விட்டு டி.சி.யைத் தடுக்கும் பேப்பர் கண்டென்சர்கள். ஒன்றைப் பிரித்துப் பாருங்கள்: மெல்லிய அலுமினியத் தாளும் காகிதமும் மாறி மாறிச் சுருட்டியிருக்கும், காகிதம் பழுப்பேறி, தொட்டால் பொடியும். நம் ஊர் ஈரப்பதத்தில் மெழுகு வெடித்து அதற்குள் ஈரம் இறங்காமல் இருந்ததை நான் கண்டதே இல்லை. மல்டிமீட்டரில் அளந்தால் நன்றாக இருப்பதுபோலத்தான் காட்டும், ஏனென்றால் மீட்டர் கொடுப்பது சில வோல்ட்தான், செட் ஓடும்போது அதன்மேல் நிற்பதோ நூறு, இருநூறு வோல்ட், அப்போதுதான் ஒழுகும். அதிலும் 75-இன் பிளேட்டிலிருந்து (கரண்ட் வந்து சேரும் தகடு), ஸ்பீக்கரை ஓட்டும் 42-இன் கிரிட்டுக்கு (கரண்டைக் கட்டுப்படுத்தும் வலை) போகும் கண்டென்சர் ஒழுகினால் கதையே வேறு. கிரிட் பாசிட்டிவாகி 42 அளவுக்கு மீறிக் கரண்டை இழுக்கும், பிளேட் சிவக்கும், அவுட்புட் டிரான்ஸ்பார்மர் அறுந்துபோகும், ஏ.சி.யை டி.சி. ஆக்கும் 80-உம் கூடவே போகும். பாட்டு மட்டும் அதுவரை பாடிக்கொண்டிருக்கும், அதுதான் ஆபத்து. ஆகவே பேப்பர் கண்டென்சர் அத்தனையையும் மாற்றுங்கள், "இது நன்றாகத்தானே இருக்கிறது" என்று ஒன்றைக்கூட விடாதீர்கள். 630 வோல்ட் ஃபிலிம் கண்டென்சர் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். 0.05 என்றிருந்த இடத்தில் 0.047 மைக்ரோஃபாரட் போடலாம், அந்த வித்தியாசம் ஒன்றும் செய்யாது. ஒரு நேரத்தில் ஒன்று, கழற்றியவுடன் அதே இடத்தில் புதியது. எல்லாவற்றையும் மொத்தமாக வெட்டிப்போட்டுவிட்டு எது எங்கே என்று தேடிய செட்டுகள் பல என்னிடம் பெட்டியில் வந்திருக்கின்றன. மெயின்ஸ் (வீட்டுக் கரண்ட்) லைனிலிருந்து சேஸிஸுக்குப் போகும் கண்டென்சருக்கு மட்டும் ஒய்2 என்ற பாதுகாப்பு வகையைத்தான் போட வேண்டும்.

அடுத்தது ஃபில்டர் எலக்ட்ரோலிட்டிக்குகள், அதாவது 80 கொடுக்கும் டி.சி.யைச் சமன்செய்யும் பெரிய கண்டென்சர்கள். 8 மைக்ரோஃபாரட் என்றால் 10 போடுங்கள், 450 வோல்ட்டுக்குக் குறையக்கூடாது. 80 வால்வு சில நொடிகளிலேயே சூடேறி முழு வோல்டேஜைக் கொடுத்துவிடும், மற்ற வால்வுகள் சூடாகிக் கரண்ட் இழுக்கும்வரை அது ஏறியே நிற்கும். பெரிதாகப் போட்டால் இரைச்சல் குறையுமே என்று 47, 100 எல்லாம் போடாதீர்கள், 80 தாங்காது. மைனஸ் முனை சேஸிஸில்தான் இருக்கும் என்றும் நினைத்துவிடாதீர்கள், இந்தக் காலச் செட்டுகள் பலவற்றில் இடையில் ஒரு ரெசிஸ்டர் இருக்கும், பழையது இருந்த இரண்டு முனையிலேயே புதியதைக் கட்டுங்கள். ரெசிஸ்டர்களுக்கு இன்றைய வளையக் குறியீடு கிடையாது: உடம்பின் நிறம் முதல் எண், நுனியின் நிறம் இரண்டாம் எண், நடுப்புள்ளி சுழிகளின் எண்ணிக்கை. அளந்து பார்த்து 20 சதவீதத்துக்குமேல் ஏறியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

ஸ்பீக்கரைத் தனியே கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்கும் வழக்கம் இங்கே ஆகாது. அதன் பின்னால் நிரந்தரக் காந்தம் இல்லை, ஆயிரம் இரண்டாயிரம் ஓம் உள்ள கம்பிச் சுருள்தான் காந்தம், பல செட்டுகளில் ஹை வோல்டேஜ் முழுவதும் அதன் வழியாகத்தான் போகும். அது அறுந்திருக்கிறதா என்று மீட்டரில் பாருங்கள். கோன் கிழிந்திருந்தால் டிஷ்யூ காகிதமும் நீர்த்த வெள்ளைப் பசையும் போதும்.

அப்புறம்தான் கரண்ட். 230-ஐ 110 ஆக்கும் 100 விஏ டிரான்ஸ்பார்மர் ஒன்று வாங்குங்கள், நல்ல இரும்பு டிரான்ஸ்பார்மர், பயணத்துக்கு விற்கும் குட்டி எலக்ட்ரானிக் கன்வெர்ட்டர் வேண்டாம். அதன் 230 பக்கத்தில் சீரிஸாக, அதாவது கரண்ட் பல்பு வழியாகவே போகும்படி, ஒரு 60 வாட் குண்டு பல்பு, எல்.இ.டி. இதற்கு உதவாது. முதலில் ஒரு வால்வும் இல்லாமல் போட்டுப் பாருங்கள்: பல்பு ஒரு கணம் மின்னி அணைந்தாலோ மிக மங்கலாக நின்றாலோ செட்டின் டிரான்ஸ்பார்மர் பிழைத்திருக்கிறது, பிரகாசமாக எரிந்தால் உடனே அணைத்துவிடுங்கள். பிறகு வால்வுகளைப் போட்டு, ஸ்பீக்கரை இணைத்து, மறுபடியும் சீரிஸ் பல்போடு. ஒரு கையைப் பையில் வைத்துக்கொண்டு அளப்பது பழைய மெக்கானிக்குகளின் பழக்கம், அதை நீங்களும் பழகுங்கள், உள்ளே முந்நூறு வோல்ட் இருக்கிறது. அணைத்த பிறகும் ஃபில்டரில் அது நிற்கும், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்து இறக்கிவிட்டுத்தான் கையை விட வேண்டும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. உங்கள் செட்டில் 80-க்குப் பதில் 25இசட்5-உம், 42-க்குப் பதில் 43-உம் இருந்தால் அது டிரான்ஸ்பார்மர் இல்லாத ஏ.சி./டி.சி. செட். சேஸிஸே மெயின்ஸோடு சேர்ந்திருக்கும், மெயின்ஸோடு நேர்த் தொடர்பை அறுக்கும் ஐசோலேஷன் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் தொடக்கூடாது. அதன் ஒயர் சூடாகும், அது பழுதல்ல. சிலவற்றில் ஒயருக்குள்ளேயே ரெசிஸ்டன்ஸ் கம்பி ஓடுகிறது, வால்வுகளைச் சூடாக்கும் உள்கம்பிகளான ஹீட்டர்கள் எல்லாம் சேர்ந்து சுமார் 69 வோல்ட் எடுக்க, மீதி 46 வோல்ட்டை அந்த ஒயர்தான் தின்கிறது. நீளமாக இருக்கிறதே என்று வெட்டியோ, சாதா ஒயர் போட்டோ ஓட்டினால் ஹீட்டர்கள் போய்விடும். அந்த ஒயருக்குள் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், பிரித்துப் பார்க்காதீர்கள்.

பெட்டிக்கு வருவோம். உப்புத்தாள் போடாதீர்கள், மேலே இருப்பது மிக மெல்லிய வெனீர் (ஒட்டிய மரத்தாள்), இரண்டு தேய்ப்பில் அடிமரம் வந்துவிடும். ஈரம் லேசாகத் தொட்ட துணி, பிறகு மெழுகு, அது போதும். வெனீர் பெயர்ந்திருந்தால் ஆசாரிகள் வைத்திருக்கும் வஜ்ரப் பசைதான் பொருத்தம், அன்று ஒட்டியதும் அந்த வகைப் பசையில்தான். டயல் எழுத்தின்மேல் தண்ணீரோ ஸ்பிரிட்டோ படவே கூடாது, காய்ந்த மெல்லிய பிரஷ் மட்டும். கழற்றிய கண்டென்சர்களையும் எறியாதீர்கள். அட்டைக் குழாயைச் சூடாக்கி உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, புதியதை அதற்குள் வைத்து மெழுகால் மூடினால் சேஸிஸ் பழைய முகத்தோடு இருக்கும்.

எஃப்.எம். வராது, 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் இந்த செட்டில் இல்லவே இல்லை. அதற்காக உள்ளே உள்ளதைக் குடைந்தெடுத்து ப்ளூடூத் வைக்கிறேன் என்று யாராவது வந்தால் தயவுசெய்து கொடுக்காதீர்கள். மீடியம் வேவ் போதும். சென்னை நிலையம் 720 கிலோஹெர்ட்ஸ். முப்பது அடி ஒயரை மாடியில் கட்டி, வீட்டில் உள்ள எல்.இ.டி. விளக்குகளையும் சார்ஜர்களையும் அணைத்துவிட்டு, இருட்டிய பிறகு திருப்பிப் பாருங்கள்.

சூப்பர்ஹெட்டின் அந்த நிலையான அலைவரிசைக்கு டியூன் செய்து வைத்திருக்கும் ஐ.எஃப். டிரான்ஸ்பார்மர் டப்பாக்களின் திருகுகளை மட்டும் யாரும் தொடக்கூடாது, சத்தம் குறைவாக வந்தாலும் சரி. 42-இன் கிரிட்டுக்கும் சேஸிஸுக்கும் இடையே வோல்டேஜ் அளந்து, எவ்வளவு, பிளஸ்ஸா மைனஸா என்று எழுதுங்கள். ஒரு வோல்ட் பிளஸ் வந்தால்கூட அணைத்துவிட்டு எழுதுங்கள், மீதியை அதற்குமேல் பார்ப்போம்.