அந்தக் கதவை யார் சாத்தச் சொன்னது?

கேள்வி: எனக்கு 27 வயது. மன்னார்குடி பக்கம் ஊர். சோழர் காலப் போர்களை வைத்துக் கவிதை எழுதுகிறேன். பட்டினப்பாலை, கலிங்கத்துப்பரணி எல்லாம் படித்தாகிவிட்டது. ராஜேந்திர சோழன் கடாரம் வென்றதைப் பற்றி ஒரு நெடுங்கவிதை அனுப்பினேன். 'உயிர் இல்லை' என்று திருப்பிவிட்டார்கள். ராத்திரிதான் எழுத நேரம். அப்போதும் அப்பாயி, தன் அப்பா சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) ரயில் போடப் போன கதையையே திரும்பத் திரும்பச் சொல்வதால் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது. இன்னும் எதைப் படித்தால் உயிர் வரும்?

பதில்: எதையும் படிக்க வேண்டாம் தம்பி. அந்தக் கதவை முதலில் திறங்கள்.

நீங்கள் பாடிய கடாரம் இன்றைய மலேசியாவின் கெடா. அதற்குப் பக்கத்திலேயே பினாங்கு. நாகப்பட்டினத்தில் கப்பலேறிய நம் பக்கத்து ஆட்கள், ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டுவதற்காக அங்கேதான் போய் இறங்கினார்கள். ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்ததும் தோட்டத் தமிழர்களை ஆயிரம் ஆயிரமாக ரயிலில் ஏற்றிச் சயாமுக்குக் கொண்டுபோனான். பர்மா வரை 415 கிலோமீட்டர் தண்டவாளம். 1943 அக்டோபரில் வேலை முடிவதற்குள் காலராவும் பட்டினியும் அடியும் எத்தனை பேரைத் தின்றன என்று சரியான கணக்கே கிடையாது. போர்க்கைதிகளாக அங்கே செத்த வெள்ளைக்காரர்களுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. உங்கள் அப்பாயியின் அப்பாவுக்கு எங்கே இருக்கிறது? அவர் பெயரைச் சொல்ல அந்தக் கிழவி ஒருத்திதான் மிச்சம். அவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்திவிட்டு, ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய படையெடுப்பில் உயிரைத் தேடுகிறீர்கள்.

எனக்குக் கோபம்தான். மறைக்கவில்லை.

உங்கள் ஊரிலிருந்து கோவில்வெண்ணி எவ்வளவு தூரம்? நீடாமங்கலம் தாண்டினால் வந்துவிடும். அங்கே நடந்த வெண்ணிப் போரில் கரிகாலன் ஜெயித்தான். முதுகில் புண்பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன் வெட்கப்பட்டு வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி உட்கார்ந்து பட்டினி கிடந்து, உயிரை விட்டான். அந்த ஊர்க் குயவர் வீட்டுப் பெண் வெண்ணிக்குயத்தியார், ஜெயித்த கரிகாலனைப் பார்த்தே, உன்னைவிட அவன் நல்லவன் அல்லவா என்று கேட்டார். புறநானூற்றில் 66-ஆம் பாட்டு. யானையையும் கப்பலையும் அவரும் சொல்கிறார். ஆனால் பாட்டு போய் நிற்கும் இடம் தோற்றவனிடம். உங்கள் வீட்டில் தோற்றுப்போனவர் ஒருவர் இருக்கிறார். அவரை விட்டுவிட்டு ராஜேந்திரனுக்குப் பரணி பாடப் போனீர்கள். அவன் புகழைப் பாடக் கல்வெட்டுகளில் மெய்க்கீர்த்தி இருக்கிறது, உங்கள் தயவு அவனுக்கு வேண்டியதில்லை.

ஒரே கதையைத் திரும்பச் சொல்கிறார் என்று அலுத்துக்கொள்கிறீர்கள். நீங்கள் ஒரு தடவையாவது குறுக்கே கேள்வி கேட்டிருக்கிறீர்களா? மணியார்டர் எப்போது நின்றது? செத்த சேதியை யார் கொண்டுவந்தது, அல்லது சேதியே வரவில்லையா? அவர் அம்மா எத்தனை வருஷம் தாலியோடு காத்திருந்தார்? யார் வயலில் நடவு நட்டுப் பிள்ளையை வளர்த்தார்? கேட்கிற ஆள் இல்லாத வீட்டில் வயதானவர்கள் சொன்னதையேதான் சொல்வார்கள்.

இதைக் கவிதைக்காகச் செய்யாதீர்கள். முகத்துக்கு நேரே செல்போனை நீட்டிப் பதிவு செய்யவும் வேண்டாம். ராத்திரி அவர் சாப்பிடும்போது பக்கத்தில் உட்காருங்கள், அது பேரனின் கடமை. உங்கள் அப்பாவையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள், அவரும் கேட்டிருக்க மாட்டார். அப்பாயி போதும் என்று சொல்லும் வரை நோட்டைத் தொடாதீர்கள்.