சோப்பு முட்டை ஏன் உடனே உடையுது?

கேள்வி: அக்கா, வீட்டிலயே பபிள் தண்ணி கலந்து குடுத்தன், ஊதின உடனே உடையுது, பிள்ளை அழுறான். என்ன செய்யிற?
(ஒரு அம்மா, உப்புவெளி)

பதில்: தங்கச்சி, கிணத்துத் தண்ணியில கலந்தனீங்க போல. கடற்கரைப் பக்கத்துக் கிணறெண்டா தண்ணி சவர், அதுல நல்ல முட்டை வராது, கொதிச்சாறின குழாய்த் தண்ணி 6 கப் எடுங்க, கோப்பை கழுவுற லிக்விட் 1 கப், பாமசில விக்கிற கிளிசரின் கால் கப். கிளிசரின் இல்லாட்டி 3 மேசைக்கரண்டி சீனிய இளஞ்சூட்டுத் தண்ணில கரைச்சு ஊத்துங்க, ஆனா எறும்பு வரும் கவனம். நுரை எழும்பாம மெதுவா கலக்கி ஒரு ராத்திரி மூடி வைங்க, இதத்தான் எல்லாரும் விடுறது, அவசரப்பட்டு உடனே ஊதுறது.

முட்டையின்ட தோல்ல இருக்கிற தண்ணி காஞ்சா அது உடையும், கிளிசரின் அந்தத் தண்ணிய பிடிச்சு வச்சிருக்கும். அதால சூடா, வறண்டு வீசுற கச்சான் காத்து அடிக்கிற மத்தியானத்தில ஊதி வேலையில்ல, விடிய வெள்ளன, இல்லாட்டி மழை விட்ட பிறகு ஊதச் சொல்லுங்க, டச் பே கடற்கரைக்குக் கொண்டு போறதெண்டாலும் காத்து அடங்கின நேரம் பாத்துப் போங்க.

ஊதுறதுக்கு பப்பாசி இலைக் காம்பு போதும், பால் போக நல்லா கழுவிக் காயவிட்டுக் குடுங்க, வாய்ல பட்டா கடிக்கும். நுனிய நாலாப் பிளந்து கொஞ்சம் விரிச்சு விட்டா முட்டை பெருசா வரும். சின்னவன் உறிஞ்சாம பக்கத்தில நில்லுங்க, கண்ணில பட்டா உடனே நல்ல தண்ணில கழுவுங்க.